வேகமான கார் எல்லாம் ஸ்போர்ட்ஸ் கார் ஆயிடுமா? நூர்பர்க்ரிங்ல இருந்து மரனெல்லோ வரைக்கும்

சனிக்கிழமை ராத்திரி, நூர்பர்க்

கை இன்னும் லேசா நடுங்கிட்டுத்தான் இருக்கு, தப்பு தப்பா டைப் ஆகியிருந்தா கண்டுக்காதீங்க.

பிளான் என்னன்னு முதல்ல சொல்லிடறேன். நானும் ஒரு நண்பனும் ஜெர்மனில ஆரம்பிச்சு ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி இத்தாலில மரனெல்லோ வரைக்கும் ரெண்டு வாடகை கார்ல போறோம். அவன் எடுத்திருக்கறது 500 எச்பிக்கு மேல இருக்கற ஜெர்மன் செடான், ட்வின் டர்போ, ஆல்-வீல் டிரைவ், எடை கிட்டத்தட்ட 1,800 கிலோ. மாடல் பேரு வேண்டாம், ஏன்னா நான் சொல்லப்போறது அந்த ஒரு காரைப் பத்தி இல்ல, இன்னிக்கு அந்த ரகத்துல வர்ற எல்லாமே ஏறக்குறைய இப்படித்தான். நான் எடுத்தது மஸ்டா எம்எக்ஸ்-5. ரெண்டு லிட்டர், 184 எச்பி, டர்போ கிர்போ எதுவும் கிடையாது, எடை ஒரு டன்னுக்குக் கொஞ்சம் மேல. எதுக்கு ரெண்டுன்னா எங்களுக்குள்ள ரொம்ப நாளா ஒரு சண்டை ஓடிட்டிருக்கு. 0-100 நாலு செகண்டுக்குள்ள தொட்டா அது ஸ்போர்ட்ஸ் கார், மத்ததெல்லாம் கதைங்கறது அவன் கட்சி. அது வேகமான கார், சரி, ஆனா ஸ்போர்ட்ஸ் காரான்னு பாக்க வேற கணக்கு இருக்குங்கறது என் கட்சி. சரி அந்தக் கணக்கு என்னன்னு அவன் திருப்பிக் கேட்டா நான் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்லுவேன், அவன் சிரிப்பான், அத்தோட முடிஞ்சிடும். இந்தத் தடவை விடறதா இல்ல.

இன்னிக்கு நார்ட்ஷ்லைஃப, அதாவது நூர்பர்க்ரிங்கோட பழைய நீள டிராக். வாடகை காண்ட்ராக்ட்லயே அங்க ஓட்டக்கூடாதுன்னு பேர் போட்டே எழுதியிருக்காங்க, அதனால ரெண்டு காரையும் பார்க்கிங்ல போட்டுட்டு, ரிங்ல ஓட்டறதுக்குன்னே தயார் பண்ணி வாடகைக்கு விடறவங்ககிட்ட ஒரு டொயோட்டா ஜிஆர்86 வாங்கினோம். 1927ல திறந்த டிராக் இது, 20.8 கிமீ, காட்டுக்குள்ள 70க்கு மேல வளைவு, மேடு பள்ளம் மட்டும் 300 மீட்டர் வித்தியாசம். ரேஸ் வீரர் ஜாக்கி ஸ்டுவர்ட் இதுக்கு பச்சை நரகம்னு பேர் வச்சார்னு எல்லாருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது என்னன்னா பொதுமக்கள் ஓட்டற நேரத்துல இது சட்டப்படி ஒரு ஒன்-வே டோல் ரோடு, அவ்வளவுதான். முந்தறது இடது பக்கம் மட்டும், பின்னாடி வேகமா ஒருத்தன் வந்தா நீ வலது பக்கம் ஒதுங்கி வழி விடணும், டைம் எடுக்கறது தடை. டைம் எடுக்கக்கூடாதுன்னதும் நண்பன் மூஞ்சி தொங்கிப்போச்சு, அவன் கட்சிக்கு ஸ்டாப்வாட்ச் இல்லாம என்ன பண்றது பாவம்.

நான் முதல்ல ஓட்டினேன். முதல் ரவுண்டு சும்மா வழி தெரிஞ்சிக்கவே சரியாப்போச்சு, மேட்டுக்கு அந்தாண்ட ரோடு எந்தப் பக்கம் திரும்பும்னே தெரியாது, அதுக்குள்ள கண்ணாடில ஒரு போர்ஷ 911 ஜிடி3 வந்து நிக்கும். அடுத்த ரவுண்டுல கொஞ்சம் மூச்சு வந்துச்சு. ஃப்ளூக்ப்ளாட்ஸ் மேட்டு மேல ஏறினப்ப கார் லேசாகுது, ஸ்டியரிங் கையில காத்து மாதிரி ஆகுது, இறங்கினதும் திரும்பவும் கனம் வருது. இந்தக் கனம் ஏறி இறங்கறதைத்தான் நான் கையை ஆட்டி ஆட்டிச் சொல்ல முயற்சி பண்ணிட்டிருந்தேன்னு அந்த இடத்துல பளிச்சுனு பட்டுச்சு.

நடுவுல ஈரம். ரிங் பெருசா இருக்கறதால ஒரு பக்கம் காஞ்சு கிடக்கும், இன்னொரு பக்கம் தூறல் போட்டிருக்கும், இது அங்க சகஜம். பெர்க்வெர்க் வளைவுக்குள்ள நான் நினைச்சதை விட கொஞ்சம் வேகமாத்தான் நுழைஞ்சேன். ஸ்டியரிங் கனமாச்சு, இன்னும் கனமாச்சு, அப்புறம் திடீர்னு கொஞ்சம் இளகுச்சு. கார் இன்னும் வளைஞ்சிட்டுத்தான் இருக்கு, வழுக்கல, ஆனா கை சொல்லிடுச்சு. ஆக்ஸிலேட்டரை ஒரு நூல் விட்டேன், மூக்கு உள்ள திரும்புச்சு, முடிஞ்சது. பக்கத்துல உக்காந்திருந்தவனுக்கு எதுவுமே தெரியல, போன் எங்க வச்சோம்னு தேடிட்டிருந்தான்.

அங்க நடந்தது என்னன்னா, ஸ்டியரிங்கைத் திருப்பறப்ப முன் டயர் ரோட்டைத் தொடற இடத்துல ரப்பர் முறுக்கிக்கும். முறுக்கின ரப்பர் திரும்ப நேராகப் பாக்கும், அந்த இழுப்புதான் ஸ்டியரிங் வழியா கைக்குக் கனமா வருது, பட்டம் விடறப்ப நூல்ல தெரியற இழுப்பு மாதிரி. வேகம் ஏற ஏற கனமும் ஏறும். ஆனா டயர் முழுசா கைவிடறதுக்குக் கொஞ்சம் முன்னாடியே, தொடற இடத்தோட பின்பாதி முதல்ல வழுக்க ஆரம்பிச்சிடும். அப்ப நேராக்கற இழுப்பு குறையும், பக்கவாட்டுப் பிடி மட்டும் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கும். ஸ்டியரிங் இளகறதுக்கும் கார் நழுவறதுக்கும் நடுவுல இருக்கற அந்தச் சின்ன இடைவெளி இருக்கே, அது உனக்குக் கிடைக்குதா இல்லையா, என் கணக்கு அங்கதான் ஆரம்பிக்குது. நண்பன்கிட்ட இதைச் சொன்னேன். "டேய், அதெல்லாம் மெதுவா போறவன் சொல்லிக்கற சமாதானம்"னான்.

ரிங்ல கரசெல்னு ஒரு வளைவு இருக்கு, அதைப் பத்தி ஒரு வார்த்தை. வளைவோட உள்பக்கம் காங்கிரீட்ல சரிவா கட்டி வச்சிருக்காங்க, இடது பக்க டயரை அதுக்குள்ள இறக்கினா கார் தொபுக்குனு விழும், முதுகெலும்பு ஒரு இன்ச் சுருங்கும், அப்புறம் காங்கிரீட் பலகைங்களோட ஒவ்வொரு இணைப்பும் தட் தட் தட்டுனு ஸ்டியரிங்ல அடிக்கும், பல்லைக் கடிச்சிட்டு ஆக்ஸிலேட்டரை அப்படியே வச்சிக்கணும். வெளிய வர்ற இடத்தை விட்டா தூக்கிப் போட்டுடும். வீடியோல பாக்கறப்ப இது ஒரு சாதாரண வளைவு மாதிரி தெரியும், நம்பாதீங்க.

ஞாயிறு ராத்திரி, ஷ்டுட்கார்ட்

ஜெர்மனில ஞாயித்துக்கிழமை பெரிய லாரிங்க ஓடக்கூடாது, ராத்திரி பத்து மணி வரைக்கும் தடை. அதனால ஆட்டோபான் காலி. போர்ஷ மியூசியம் திங்கள்ல லீவு, எப்படியும் இன்னிக்கே வந்தாகணும், எல்லாம் ஒத்து வந்துச்சு.

ஆட்டோபான்ல நம்மாளு ராஜா. வேகக் கட்டுப்பாடு இல்லாத இடம் வந்ததும் செடான் அப்படியே கண்ணுக்கு மறைஞ்சிடும், அடுத்த கட்டுப்பாட்டு போர்டுக்குக் கீழ எனக்காக உருட்டிட்டு இருப்பான். சிபாரிசு வேகம் 130ங்கறதை அவன் யாருக்கோ சொன்ன சேதின்னு எடுத்துக்கிட்டான். பாதி வழில கார் மாத்திக்கிட்டோம். 240ல போறேன், சீட் ஆடல, காத்து சத்தம் இல்ல, ஒரு கையால பாட்டு மாத்தலாம் போல இருக்கு. எவ்வளவு பெரிய இன்ஜினியரிங் இது, நக்கல் பண்ணலைங்க, 1,800 கிலோவை அந்த வேகத்துல இவ்வளவு அமைதியா வச்சிருக்கறது லேசுப்பட்ட வேலை இல்ல. எம்எக்ஸ்-5ல 160 போனாலே 220 போற மாதிரி இருக்கும், துணி மேற்கூரை படபடன்னு அடிக்கும், பக்கத்து ஆள் பேசினா காதுல விழாது.

இங்க ஒண்ணு ஒத்துக்கணும். இந்தப் படபடப்பைத்தான் சில பேர் ஸ்போர்ட்ஸ் கார் ஃபீல்னு சொல்றாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. சத்தமும் அதிர்வும் கட்டையான சஸ்பென்ஷனும் பயம் காட்டும், ஒரு பழைய ஜீப்பும் 100ல பயம் காட்டும். பயம் காட்டறது வேற, டயர் என்ன பண்ணுதுன்னு சொல்றது வேற.

மியூசியம் ஸுஃபன்ஹவுஸன்ல, ஃபேக்டரிக்கு எதிர்லயே. கட்டடமே மூணு தூண் மேல அந்தரத்துல நிக்குது. உள்ள போனா முதல்ல நான் தேடினது பெரிய பெரிய ரேஸ் கார் இல்ல, 1948ல செஞ்ச 356 நம்பர் 1 ரோட்ஸ்டர். போர்ஷ பேர் போட்டு வந்த முதல் கார். இன்ஜின் நடுவுல, வெறும் 35 எச்பி, மொத்த எடை 585 கிலோ. இப்ப இருக்கற பைக்குங்களே இதைவிடப் பல மடங்கு பவர் காட்டும். ஆனா பக்கத்துல நின்னு பாருங்க, டயர் எவ்வளவு ஒல்லி, சீட்டுக்கும் பின் சக்கரத்துக்கும் எவ்வளவு கிட்ட, ஓட்டறவனுக்கும் ரோட்டுக்கும் நடுவுல என்னதான் இருக்கு, ஒண்ணுமில்ல.

அப்புறம் 909 பெர்க்ஸ்பைடர். மலையேத்த ரேஸுக்குன்னே 1968ல செஞ்சது, 384 கிலோ, 275 எச்பி, எடை குறைக்கணும்னு வெறி பிடிச்சுப்போய் பெட்ரோல் பம்ப்பையே தூக்கிட்டு டைட்டானியம் உருண்டைக்குள்ள அழுத்தத்துல பெட்ரோலை வச்சாங்க. அதுக்கு முன்னாடி நண்பன் ரொம்ப நேரம் நின்னான். எச்பியை எடையால வகுத்துப் பாத்துட்டு "இது என் கட்சி கார்"ன்னான். நான் "இல்லடா, இது என் கட்சி"ன்னேன். பக்கத்துல இருந்த ஒரு பெரியவர் எங்களை ஒரு மாதிரி பாத்துட்டு நகர்ந்து போயிட்டார்.

911 வரிசைல 1973 கரேரா ஆர்எஸ் 2.7. 210 எச்பி, பின்னாடி வாத்து வால் மாதிரி ஸ்பாய்லர், லேசான வெர்ஷன் ஆயிரம் கிலோவுக்குக் கீழ. 911ல இன்ஜின் பின் சக்கரத்துக்கும் பின்னாடி தொங்குது, பாரத்துல 60 சதவீதம் பின்னாடியே. புத்தகப்படி பாத்தா தப்பான டிசைன். ஆனா அதனாலயே மூக்கு லேசு, முன் டயர் ஒல்லியா போதும், 1989ல 964 மாடல் வர்ற வரைக்கும் பவர் ஸ்டியரிங்கே இல்லாம ஓட்டிட்டாங்க. 911 ஸ்டியரிங் பேசும்னு ஆளாளுக்குச் சொல்றாங்களே, அதுக்கு மந்திரம் எதுவும் இல்ல, முன் டயர் மேல பாரம் கம்மி, கைக்கும் டயருக்கும் நடுவுல சாமான் கம்மி, அவ்வளவுதான் விஷயம். 2011 கடைசில 991ங்கற புது 911 மாடல்ல எலக்ட்ரிக் ஸ்டியரிங் போட்டப்ப ரசிகர்கள் அழுத அழுகை நிறைய பேருக்கு ஞாபகம் இருக்கும். எனக்கு அதுல ஒரு மாற்றுக் கருத்து இருக்கு, எலக்ட்ரிக்னாலே செத்துப்போச்சுன்னு சொல்ல முடியாது. நேத்து பெர்க்வெர்க்ல என் கைக்குச் சேதி சொன்ன ஜிஆர்86ல இருக்கறதும் எலக்ட்ரிக்தான், என் எம்எக்ஸ்-5லயும் எலக்ட்ரிக்தான். மோட்டார் உதவி பண்றது பிரச்சனை இல்ல, எதை வடிகட்டறாங்க எதை விடறாங்கங்கறதுதான் பிரச்சனை. அதுக்கு மேல டயர் அகலம். அகலமான டயர் பிடி ரொம்ப அதிகம், ஆனா கைவிடறப்ப சட்டுனு விடும், அந்த எல்லையும் நிஜ ரோட்டுல எட்டவே முடியாத வேகத்துல இருக்கும்.

2012ல முதல் டொயோட்டா 86 வந்தப்ப 215 மிமீ அகலத்துல சாதாரண டயர் போட்டு அனுப்பினாங்க, நிறைய பேர் கஞ்சத்தனம்னு திட்டினாங்க. வேணும்னே செஞ்சது அது. பிடி சீக்கிரம் தீர்ந்தாத்தான் தீர்றது எப்படி இருக்கும்னு 60, 70 கிமீ வேகத்துலயே தெரியும்.

திங்கள், பிராட்

இன்னிக்கு பெருசா ஒண்ணும் இல்ல, டிராஃபிக்தான். ஃபெர்ன்பாஸ் மலைப் பாதை முழுக்க வண்டி வண்டியா நிக்குது. ஆஸ்திரியால மோட்டார்வேல ஓட்டறதுக்கு வின்யெட்ங்கற டோல் ஸ்டிக்கர் வாங்கிட்டோம். ரெஷன் ஏரில தண்ணிக்கு நடுவுல சர்ச் கோபுரம் மட்டும் நிக்குது, 1950ல அணை கட்டினப்ப ஊர் மூழ்கிப்போச்சு, எல்லாரும் நின்னு போட்டோ எடுக்கறாங்க, நாங்களும் எடுத்தோம்.

டிராஃபிக்ல ஊர்ந்ததுல ஒரு விஷயம் கவனிச்சேன். எம்எக்ஸ்-5 கியர் லீவர் ஒரு விரல் நீளம்தான் நகருது, கிளட்ச் எங்க பிடிக்குதுன்னு கால் சரியா சொல்லுது, ஊர்ந்து போறப்பவும் போர் அடிக்கல. ஆனா மத்தியானத்துக்கு மேல முழங்கால் வலி எடுத்துடுச்சு, செடான்ல வந்தவன் ஆட்டோமேட்டிக்ல போட்டுட்டு நிம்மதியா வந்தான். இதையும் எழுதித்தானே ஆகணும்.

செவ்வாய், ஸ்டெல்வியோ

விடியறதுக்கு முன்னாடியே கிளம்பிட்டோம், எட்டு மணிக்கு மேல போனா சைக்கிள்காரங்க, பைக் கூட்டம், பஸ் எல்லாம் சேர்ந்து ஓட்ட முடியாதுன்னு எல்லாரும் சொல்லியிருந்தாங்க, சரியாத்தான் சொல்லியிருக்காங்க. 1820ல இருந்து 1825க்குள்ள ஆஸ்திரியப் பேரரசுக்காக கார்லோ தோனேகானிங்கற இன்ஜினியர் போட்ட மலைக் கணவாய் ரோடு இது. உச்சி 2,757 மீட்டர். பிராட் பக்கத்துல இருந்து ஏறினா 48 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொண்ணுக்கும் நம்பர் கல் இருக்கு, கீழ 48ல ஆரம்பிச்சு மேல ஒண்ணுல முடியும்.

பாதி வரைக்கும் செடான் என்கிட்ட. வளைவுக்கும் வளைவுக்கும் நடுவுல நேர் ரோடு சில நூறு மீட்டர் வந்தாலே அதிகம். ஆக்ஸிலேட்டரை மிதிச்சா மூணு செகண்டுல அடுத்த வளைவு மூஞ்சிக்கு நேரா நிக்குது. உடனே பிரேக், 1,800 கிலோ முன்னாடி சாயுது, திருப்பு, அகலம் 1.9 மீட்டர், ஸ்டியரிங்கைச் சுத்திக்கிட்டே மதில் கல்லுக்கும் கண்ணாடிக்கும் எவ்வளவு இடம்னு பாரு, எதிர்ல வேன் வருதான்னு பாரு, திரும்பவும் மிதி. மிதிக்கறது, நிறுத்தறது, மிதிக்கறது, நிறுத்தறது. ஸ்டியரிங்ல கம்ஃபர்ட், ஸ்போர்ட்னு செட்டிங் இருக்கு, மாத்திப் பாத்தேன். கனம் மாறுது, சேதி மாறல. 275 அகல முன் டயர் என்ன பண்ணுதுன்னு கேட்டா எதுவும் பண்ணல, ஏன்னா இந்த ரோட்டுல அதுக்கு வேலையே இல்ல, அதோட திறமைல பத்துல மூணு பங்கு கூட நான் கேக்கல. ஒரு இடத்துல மணல் கிடந்துச்சு, கார் லேசா நழுவியிருக்கணும், ஆனா நான் உணர்றதுக்குள்ள கம்ப்யூட்டர் ஒரு சக்கரத்தைப் பிடிச்சு, இன்னொண்ணுக்குப் பவர் அனுப்பி எல்லாத்தையும் சரி பண்ணிட்டு டேஷ்போர்டுல ஒரு மஞ்ச லைட்டை மட்டும் ஒரு சிமிட்டு சிமிட்டிக் காட்டுச்சு. நடந்தது எனக்கு லைட்டைப் பாத்துத்தான் தெரியும். பாதுகாப்புக்கு இதைவிட என்ன வேணும், கை எடுத்துக் கும்பிடறேன். ஆனா ஓட்டினது யாரு?

டிராஃபோய் தாண்டி மரம் எல்லாம் முடியற இடத்துல மாத்திக்கிட்டோம்.

எம்எக்ஸ்-5க்கு இங்க ஒரு பிரச்சனை இருக்கு, உயரம். 2,700 மீட்டர்ல காத்து அடர்த்தி கிட்டத்தட்ட கால் பங்கு குறைஞ்சிடும், டர்போ இல்லாத இன்ஜினுக்குப் பவரும் அதே அளவு குறையும். 184 எச்பின்னு வாங்கின கார்ல மேல போறப்ப 140 பக்கம்தான் மிச்சம். டர்போ காத்தை அழுத்தி இன்ஜினுக்குள்ள தள்றதால அந்தக் குறையை ஏறக்குறைய ஈடு கட்டிடும். அதாவது இந்த இடத்துல கணக்குப்படி என் கார் அவன் காரை விட இன்னும் மோசமா தோத்திருக்கணும், தோக்கவும் செஞ்சுது, அவன் மேல போய் நின்னு எனக்குக் கையை ஆட்டினான்.

ஆனா அந்த ஏத்தம் எனக்கு எப்படி இருந்துச்சுன்னு சொல்றேன். வளைவுக்கு முன்னாடி பிரேக்கை மிதிக்கறேன், பெடல் கட்டியா இருக்கு, எவ்வளவு அழுத்தறேனோ அவ்வளவு பிடிக்குது. செகண்ட் கியர். திருப்பறேன், பாடி சாயுது, நல்லாவே சாயுது, இந்தக் காரைத் திட்டறவங்க எல்லாரும் இந்தச் சாயறதைத்தான் திட்டுவாங்க. ஆனா அது ஒரே சீரா சாயுது, வெளிப்பக்க முன் டயர் மேல எவ்வளவு பாரம் ஏறுதுன்னு அந்தச் சாய்வே சொல்லிடுது. ஸ்டியரிங் கனமாகுது. வளைவு நடுவுல ஆக்ஸிலேட்டர் கொடுக்கறேன், பின்பக்கம் மெல்ல வெளிய போகப் பாக்குது, அது ஸ்டியரிங்ல தெரியறதுக்கு முன்னாடி இடுப்புல தெரியுது, ஏன்னா இந்தக் கார்ல நாம பின் சக்கரத்தை ஒட்டித் தரைக்குப் பக்கத்துல உக்காந்திருக்கோம். செடான்ல நாம உக்கார்றது ரெண்டு அச்சுக்கும் நடுவுல, உசரமா, பின்னாடி நடக்கறது நமக்கு வந்து சேர்றதுக்குள்ள பழைய நியூஸ். அப்புறம் இன்ஜின், 7,500 ஆர்பிஎம் வரைக்கும் போகும், செகண்ட் கியர்ல அது மேல ஏற ஏற அடுத்த வளைவு வந்துடும், ஆக்ஸிலேட்டரை முழுசா மிதிச்சிட்டுத்தான் பிரேக்குக்கு வர்றேன், அப்பவும் வேகம் 70க்கு மேல பெருசா இல்ல. சக்தி கம்மியா இருக்கற கார்ல சக்தியைச் செலவு பண்ண இடம் கிடைக்குது. அகலம் 1.73 மீட்டர்தான், அதனால அந்த ஒல்லி ரோட்டுலயும் கோடு போட்டு ஓட்ட எனக்குக் கொஞ்சம் இடம் மிச்சம் இருந்துச்சு.

மேல பார்க்கிங்ல ஒரு நீல ஆல்பைன் ஏ110 நின்னுச்சு, 2017ல திரும்ப வந்த மாடல். அலுமினிய பாடி, இன்ஜின் சீட்டுக்குப் பின்னாடி, 1,100 கிலோ, 250 எச்பி பக்கம். அதைக் காட்டி நண்பனுக்கு ஒரு விஷயம் சொன்னேன், கியர் குச்சி இருந்தாத்தான் ஸ்போர்ட்ஸ் கார்னு நான் சொல்லலைன்னு. அந்தக் கார்ல மேனுவலே கிடையாது, டூயல் கிளட்ச் ஆட்டோமேட்டிக் மட்டும்தான். கட்டையான ஸ்ப்ரிங்கும் கிடையாது, மெத்துன்னு விட்டிருக்காங்க, எடை கம்மி, டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன், அதனால மெத்துன்னு விட முடியுது. எடையைக் குறைச்சா ஸ்ப்ரிங் இளகலாம், டயர் ஒல்லியாகலாம், பிரேக் சின்னதாகலாம், ஒவ்வொண்ணும் அடுத்ததைக் குறைக்கும். எடை ஏறினா இதே சங்கிலி தலைகீழா ஓடும், அகல டயர், பெரிய பிரேக், இன்னும் பவர், அதைச் சமாளிக்க ஆல்-வீல் டிரைவ், அதுக்கும் எடை. நண்பன் இதுக்குப் பதில் சொல்லாம அந்த ஏ110ஐ ஒரு சுத்து சுத்தி வந்தான்.

போர்மியோ பக்கம் இறக்கம் 1,500 மீட்டர். கீழ வந்து நின்னப்ப செடான்கிட்ட பிரேக் வாடை லேசா வந்துச்சு, கியரைக் குறைச்சு இன்ஜின் பிரேக்கிங்லதான் அவன் இறக்கினான், அப்படியும். 1,800 கிலோவோட உயரத்தை எல்லாம் கடைசில டிஸ்க்குதான் சூடா வாங்கிக்கணும், இதுல கார் மேல தப்பு சொல்ல ஒண்ணுமில்ல.

புதன், பிரெஷா

காலைல இருந்து கொட்டோ கொட்டுன்னு கொட்டுது. எம்எக்ஸ்-5ல ரவுண்டானா ஒவ்வொண்ணுலயும் பின்பக்கம் ஆடப் பாக்குது, கண்ணாடில ஆவி, லாரி தண்ணியை வாரி அடிச்சா ரெண்டு செகண்டு குருடு. செடான் முன்னாடி ரயில் மாதிரி போகுது. "சேதி சொல்லி என்னடா பண்ணப்போற, என் கார் அதுவா பாத்துக்குது"ன்னு போன்ல வெறுப்பேத்தறான். ஊர் விட்டு ஊர் போக எந்தக் கார் வேணும்னு கேட்டா யோசிக்காம அவன் கார்தான்னு நானே சொல்வேன்.

பிரெஷால மில்லே மில்யா மியூசியம், பழைய மடத்துக்குள்ள வச்சிருக்காங்க. 1927ல ஆரம்பிச்சு 1957 வரைக்கும் பிரெஷால இருந்து ரோம் போய்த் திரும்பற ரேஸ், பொது ரோட்டுல. 1955ல ஸ்டிர்லிங் மாஸ் 10 மணி 7 நிமிஷத்துல முடிச்சார், சராசரி 157 கிமீ. பக்கத்துல டெனிஸ் ஜென்கின்சன், ரோடு முழுக்க எழுதி வச்ச சுருளைப் பிரிச்சு பிரிச்சு கை சைகைல வளைவு சொல்லிக்கிட்டே போனார், சத்தத்துல பேச்சு கேக்காது. அடுத்து என்ன வரப்போகுதுன்னு முன்கூட்டியே தெரிஞ்சதுதான் அவங்க வேகத்துல பெரும் பங்கு, கார் நல்ல கார்ங்கறது வேற விஷயம்.

வியாழன், மரனெல்லோ

வெயில் வந்துடுச்சு. ஃபெராரி மியூசியம். கூட்டம் எல்லாம் ஃபார்முலா ஒன் கார்கிட்ட. நாங்க எஃப்40கிட்ட. 1987ல கம்பெனியோட 40 வருஷத்துக்காகச் செஞ்சது, என்ஸோ ஃபெராரி உயிரோட இருந்தப்ப வந்த கடைசி ரோடு கார், அடுத்த வருஷமே அவர் போயிட்டார். 2.9 லிட்டர் வி8, ட்வின் டர்போ, 478 எச்பி, திரவம் எல்லாம் சேக்காம 1,100 கிலோ.

கதவைத் திறக்க உள்ள கைப்பிடி இல்ல, ஒரு கயிறு தொங்குது, இழுத்தா திறக்கும். கார்பெட் இல்ல, ரேடியோ இல்ல. பவர் ஸ்டியரிங் இல்ல, பிரேக்குக்கு பூஸ்டர் இல்ல, ஏபிஎஸ் இல்ல. நண்பன் லிஸ்ட்டைப் படிச்சிட்டுத் திரும்பி "பாத்தியா, 478 எச்பி, இது ஸ்போர்ட்ஸ் கார் இல்லைம்பியா?"ன்னான். நல்ல கேள்வி. பவர் எதிரின்னு நான் எப்பவும் சொல்லலையே. காலுக்கும் பிரேக் பேடுக்கும் நடுவுல வெறும் எண்ணெய்தான், கைக்கும் டயருக்கும் நடுவுல வெறும் இரும்புதான், அப்படி இருந்தா 478 எச்பியும் உன்கிட்டப் பேசும். அதே சமயம் இந்தக் காரைக் கோயில்ல வச்சுக் கும்பிட வேண்டாம். அந்தக் காலத்து டர்போ, மிதிச்சா கொஞ்ச நேரம் ஒண்ணுமே நடக்காது, அப்புறம் மொத்தமா வந்து முதுகுல அறையும். ஸ்டியரிங்ல கிடைக்கற நேர்மை ஆக்ஸிலேட்டர்ல கிடைக்காது. அந்த ஒரு விஷயத்துல என் எம்எக்ஸ்-5 இதை ஜெயிக்கும்னு சொன்னேன், மியூசியத்துக்குள்ள கொஞ்சம் சத்தமாவே சொல்லிட்டேன் போல, ரெண்டு பேர் திரும்பிப் பாத்தாங்க.

வெளிய வந்தா தெருவுல வாடகைக்கு ஃபெராரி வரிசையா நிக்குது, நிமிஷக் கணக்குல ஓட்டலாம், கூட ஒருத்தர் உக்காருவார். நம்மாளு போனான். திரும்பி வந்தப்ப வாய் காது வரைக்கும். சத்தம், மிதிச்சதும் பாயறது, தெருவுல எல்லாரும் பாக்கறதுன்னு அடுக்கிட்டே போனான். முன் டயர் என்ன சொல்லுச்சுன்னு கேட்டேன். "டவுன்ல 50ல போனா என்னடா தெரியும்"னான். ஸ்டெல்வியோல எம்எக்ஸ்-5க்கு 50லயே தெரிஞ்சுதேன்னேன். "அப்ப நீ அதுலயே உக்காரு"ன்னுட்டு சாவியைச் சுத்திக்கிட்டே போயிட்டான், இது தீர்ற சண்டை இல்ல.

பார்க்கிங்ல அவனே இன்னொரு கேள்வியை எடுத்தான், உன் கணக்குப்படி எலக்ட்ரிக்ல ஸ்போர்ட்ஸ் காரே வராதான்னு. ஏன் வராது? ஆக்ஸிலேட்டருக்கு மோட்டார் பதில் சொல்ற வேகத்துக்கு எந்தப் பெட்ரோல் இன்ஜினும் பக்கத்துல வராது, எஃப்40 டர்போ கண்ணு முழிக்கறதுக்குள்ள அது அடுத்த வளைவுல இருக்கும். எடையைக் கீழ, நடுவுல குமிச்சு வைக்கவும் முடியும். இடிக்கறது ரெண்டு இடம். ஒண்ணு மொத்த எடை. இன்னொண்ணு பிரேக் பெடல், பெடலை லேசா மிதிக்கறப்ப பிடிக்கறது மோட்டார், இன்னும் அழுத்தினா டிஸ்க்கும் வந்து சேரும், ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு மாறற அந்த இணைப்பு காலுக்குத் தெரியவே கூடாது, அது ரொம்பக் கஷ்டமான வேலை. சத்தம் இல்லாதது எனக்குப் பெரிய குறையா படல, ஸ்பீக்கர்ல பொய்ச் சத்தம் போடறதுதான் எரிச்சல். அப்படி ஒண்ணு வந்தா ஸ்பெக் ஷீட்ல நான் முதல்ல தேடப்போறது எடையையும் முன் டயர் அகலத்தையும். 1,300 கிலோவுக்குக் கீழ, டயர் 225க்குள்ளன்னு போட்டிருந்தா டெஸ்ட் டிரைவுக்கு மொத ஆளா நான் நிப்பேன். நம்மாளு எனக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு 0-100 எவ்வளவுன்னு ஷோரூம்காரர்கிட்ட கேட்டுட்டு இருப்பான்.